குண்டுக்கரிச்சானும் கருஞ்சிட்டும்: இனங்காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்து வளவுகளில் கிணற்றடி மதிலிலோ கிளுவை வேலியிலோ வாலை நிமிர்த்தியபடி வந்தமரும் கறுப்புக் குருவியில் வெள்ளை தெரிந்தால் குண்டுக்கரிச்சான், தெரியாவிட்டால் கருஞ்சிட்டு என்று முடிவுகட்டுவதே புதிதாகப் பறவை பார்ப்போர் அதிகம் விடும் தவறு. கருஞ்சிட்டுச் சேவலின் தோளிலும் வெள்ளை உண்டு. அமர்ந்திருக்கையில் பெரும்பாலும் மறைந்திருக்கும் அது, பறந்தவுடன் பளிச்சிடும். குண்டுக்கரிச்சானுக்கோ இறக்கையில் நீண்ட பட்டையாகவும், வயிற்றிலும், வாலின் இரு ஓரங்களிலும் வெள்ளை இருக்கும்.

வாலை நிமிர்த்துவதையும் தனி அடையாளமாகக் கொள்ளக்கூடாது. இரண்டுமே அப்படிச் செய்யும். ஆனால் அந்தக் கணத்தைத் தவறவிடாதீர்கள். காலை வெயில் சரிவாக விழும்போது மதிலில் நிற்கும் கருஞ்சிட்டு வாலைத் தூக்கினால், அதன் அடியில் செங்கல் நிறம் ஒளிரும். அதைக் கண்டபின் ஐயத்துக்கு இடமில்லை. ஏறத்தாழ 19 சென்ரிமீற்றர் நீளமான குண்டுக்கரிச்சானைவிடக் கருஞ்சிட்டு சிறியதுதான் என்றாலும், தனியாக நிற்கும் குருவியின் அளவைத் தூரத்திலிருந்து மதிப்பிடுவது பலமுறை ஏமாற்றும்.

பேடுகளிடத்தில் குழப்பம் இன்னும் கூடும். இந்தியக் கையேடுகளில் குண்டுக்கரிச்சான் பேடு சாம்பல் நிறமாகவே பெரும்பாலும் வரையப்பட்டிருக்க, இலங்கைப் பேடு சேவலுக்கு நெருங்கிய கருமை கொண்டிருப்பதால், ஒரு சோடியை இரண்டு சேவல்கள் என்று குறித்துவிடுகிறோம். கருஞ்சிட்டுப் பேடு மங்கிய பழுப்பு நிறம். இறக்கையில் வெள்ளையே இராது. வட இந்தியாவில் கருஞ்சிட்டுச் சேவலின் முதுகு பழுப்பு, நம்முடையதற்குக் கறுப்பு என்பதால், படத்தை மட்டும் நம்பினால் அங்கும் வழுக்கும்.

கறுப்பும் வெள்ளையுமாக இருந்ததென்று புதர்ச்சிட்டு எனப் பெயரிடுவோரும் உண்டு. இலங்கையில் அது மலைநாட்டுப் பறவை.

பெயரிலும் கவனம் வேண்டும். வெறுமனே கரிச்சான் என்று குறித்தால், படிப்பவர் பிளவுபட்ட வாலுடைய இரட்டைவால் குருவியை நினைப்பார். பழைய நூல்கள் குண்டுக்கரிச்சானையும் கருஞ்சிட்டையும் பூங்குருவிக் குடும்பத்தில் வைத்தன. இன்று இவை ஈப்பிடிப்பான் குடும்பத்தில் கொப்சைக்கஸ் என்ற ஒரே பேரினத்தில் சேர்க்கப்பட்டுள்ளன. ஆகையால் பழைய நூலில் கருஞ்சிட்டு வேறு பேரினப் பெயரில் இருப்பதைக் கண்டு, அதை மூன்றாவது பறவையாகப் பட்டியலில் எழுதிவிட வேண்டாம்.