தீச்செங்கல் மாற்றும்போது செய்யக்கூடாதவை

போன வாரம் நண்பர் ஒருவர் தன் விறகு அடுப்பைப் பார்க்கக் கூப்பிட்டார். இரும்பு அடுப்பு, உள்சுவரில் பெருஞ்சூட்டைத் தாங்கும் தீச்செங்கல். கற்களை அவரே மாற்றியிருந்தார். இரண்டு கல்லுக்கு நடுவே நகம்கூட நுழையாது. போதாததற்குச் சந்தெல்லாம் சிமெண்ட் பூச்சு, வழவழவென்று. "எப்படி இருக்கு?" என்று கேட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை. பல வருடங்களுக்கு முன் நான் செய்த அதே வேலை, அதே நேர்த்தி!

அடுப்பு ஆறட்டும், அளந்து வாங்குங்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அது உங்களுக்கே தெரியும்.

விரிசல் கண்டதும் கழற்றுவது

காய்ந்து ஆறிக் காய்ந்து ஆறி, எந்தத் தீச்செங்கல்லிலும் மயிரிழை விரிசல் விழும். கல் தன் இடத்தில் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். நின்றால் விட்டுவிடலாம். விரிசல் வழியே பின்னாலுள்ள இரும்பு தெரிகிறது, துண்டு பெயர்ந்து விழுகிறது, முகப்பு பொரிந்து கல் மெலிந்துவிட்டது என்றால் தள்ளிப்போடாதீர்கள். நெருப்பு நேராகப் பட்டால் தகடு கோணிக்கொள்ளும்.

இறுக்கி வைத்துச் சிமெண்ட் பூசுவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. அன்று ஒரே ஒரு கல்தான் உடைந்திருந்தது. புதுக்கல் இடத்துக்குச் சற்றுப் பெரிதாக இருந்ததால், மரச்சுத்தியால் தட்டி உள்ளே இறக்கினேன். பக்கத்துச் சந்துகளையும் விடாமல் சிமெண்ட் வைத்து அடைத்தேன். மூன்றாவது நாள் புதுக்கல் நட்டநடுவே பிளந்தது.

சூட்டில் கல் நீளும். 23 செ.மீ. கல் 600 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டர். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் நெருப்பைப் பார்த்த முகம் முதலில் சூடேறி விரிகிறது, பின்னாலுள்ள இரும்பு அப்போதுதான் வெதுவெதுப்பாகிறது. விரிய இடமில்லாத கல் உடையத்தான் செய்யும்.

சிமெண்ட் கதை வேறு. அது தண்ணீரைத் தன்னோடு பிணைத்துக்கொண்டுதான் இறுகுகிறது. 400 டிகிரியைத் தாண்டினால் அந்தப் பிணைப்பு விட்டுப்போய்ப் பூச்சு உதிர ஆரம்பிக்கும். என் அடுப்பில் முகப்பில் பொடியாகக் கொட்டிய சிமெண்ட், சூடு குறைந்த பின்பக்கத்தில் மட்டும் பாறையாக இருந்தது. உளி வைத்துத் தட்டினேன். உடைந்த கல்லோடு பக்கத்துக் கற்களும் போயின, கற்களைத் தாங்கும் இரும்புச் சட்டமும் வளைந்தது. ஒரு கல் செலவு, ஆறு கல்லும் பட்டறைக் கூலியுமாக முடிந்தது.

பெரும்பாலான அடுப்புகளில் கற்களைப் பூச்சில்லாமல் சும்மா அடுக்கினாலே போதும். 2, 3 மில்லிமீட்டர் சந்து விடுங்கள், சாம்பல் தானாகவே வந்து அதை நிரப்பும். கடைசிக் கல் கையாலேயே உள்ளே போக வேண்டும். சுத்தி தேவைப்பட்டால் கல்லை வெளியே எடுத்து ஓரத்தைத் தேய்த்துக் குறையுங்கள். அடுப்போடு வந்த கையேடு தீத்தாங்கும் கலவையைக் கேட்டால் மட்டும் அதைப் பூசுங்கள்.

நண்பர் நல்லவேளையாக இன்னும் தீ மூட்டவில்லை. சுரண்டிக்கொண்டிருக்கிறார்.

சாதாரணச் செங்கல்

வேண்டாம்.

முதல் நாளே பெருநெருப்பு

புதுக்கல்லில் ஈரம் இருக்கும். அது ஆவியாக வெளியேற வழியில்லாவிட்டால் கல்லைப் பொரித்துவிடும். முதல் இரண்டு மூன்று தடவை சுள்ளிகளால் சின்னதாக எரித்து, முழுக்க ஆறவிடுங்கள்.

வகை மாற்றி வாங்குவது

கனமான களிமண் கல்லும், வெர்மிகுலைட் என்ற கனிமத்தால் செய்த லேசான பலகையும் ஒன்றல்ல. களிமண் கல் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். வெர்மிகுலைட் வெப்பத்தை வெளியே விடாமல் தடுக்கும். நகத்தால் கீறினாலே தடம் விழும் அளவுக்கு அது மென்மை, விறகைத் தூக்கி எறிந்தால் குழி விழும். அடுப்பில் முன்பு எது இருந்ததோ அதையே, அதே கனத்தில் வாங்குங்கள். உடைந்த துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், சேர்த்து வைத்தால் அதுவே அளவு.

முகமூடி இல்லாமல் வெட்டுவது

களிமண் கல்லின் தூசியில், மணலில் உள்ள அதே சிலிக்கா இருக்கிறது. நுரையீரலில் படிந்தால் போகாது.