கவலையைக் கேட்கும் தீக்குச்சி பொம்மை

மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் பழங்குடியினரான மாயா மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குழந்தை படுக்கும்முன் ஒரு குட்டி பொம்மையிடம் கவலையைச் சொல்லி, அதைத் தலையணைக்கு அடியில் வைத்துவிடும்.

வீட்டிலேயே செய்யலாம். இரண்டு தீக்குச்சிகளின் மருந்தைக் கிள்ளிவிட்டு ஒன்றாகச் சேர்த்துப் பிடியுங்கள். குறுக்கே அரைக்குச்சி வைத்தால் கைகள். வண்ண நூலால் இறுக்கிச் சுற்றி, நுனியைப் பசையால் ஒட்டுங்கள். பாவாடைக்குத் தையல்காரரிடம் கிடைக்கும் வெட்டுத்துணி போதும். நூலைக் குழந்தையே சுற்றட்டும், கோணலானாலும் பரவாயில்லை. கை வேலையில் இருக்கும்போதுதான் கணக்குத் தேர்வு பயமும், பஸ்ஸில் சீண்டும் பையனும் பேச்சில் வருவார்கள். அப்போது அறிவுரை வேண்டாம், ‘ம்’ போதும்.

மூன்று வயதுக்குட்பட்டவர்களிடம் கொடுக்காதீர்கள், விழுங்கிவிடுவார்கள். கவலையால் குழந்தைக்கு வாரக்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ கெட்டால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.