பேராதனைக்கு வரப்போகிற தம்பி தங்கச்சிமாருக்கு: கலந்து பழகுவது எப்படி

பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வந்து, பேராதனைப் பல்கலைக்கழகம் கிடைத்து, இப்போது பெட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். பாடத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல நிறையப் பேர் இருப்பார்கள், நான் மனிதரைப் பற்றிச் சொல்கிறேன்.

பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டக் கோட்டா, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்று பிரித்து எடுப்பதால் ஒரே பட்ச்சில் பருத்தித்துறையும் மாத்தறையும் அக்கரைப்பற்றும் நுவரெலியாவும் வந்து உட்கார்ந்திருக்கும். ஆனால் உயர்தரம் வரைக்கும் நாங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடம், அவர்கள் சிங்களப் பள்ளிக்கூடம், பத்தொன்பது வயதுவரை ஒருத்தரோடு ஒருத்தர் கதைத்தே இருக்க மாட்டோம். அதனால் முதல் கிழமையே விரிவுரை மண்டபத்தில் தமிழ் ஒரு பக்கம், சிங்களம் ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும், அந்த இருக்கைதான் பிறகு நாலு வருசத்துக்கும். ஆகவே முதல் இரண்டு கிழமைக்குள் இடம் மாறி உட்காருங்கள். மூன்றாம் மாதம் மாறப் போனால் கூச்சமாக இருக்கும்.

சிங்களம் தெரியாதே என்று தயங்க வேண்டாம், உறவுமுறையிலிருந்து தொடங்கலாம். அவர்களின் 'அய்யா' எங்கள் அண்ணன், 'மல்லி' தம்பி, 'நங்கி' தங்கச்சி. அக்கா இரண்டு மொழியிலும் அக்காதான். சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தரைப் பார்த்து 'கேவத?' என்று கேளுங்கள், சாப்பிட்டாயா என்று அர்த்தம், அதற்குப் பிறகு அவர்களே கதையை இழுத்துக்கொண்டு போவார்கள்.

எனக்கு விடுதி அறையில் வாய்த்தவன் அம்பாந்தோட்டைக்காரன். முதல் இரவு இரண்டு பேரும் சுவரைப் பார்த்தபடி இருந்தோம். அம்மா கட்டித் தந்த பருத்தித்துறை வடைப் பையை அவிழ்த்து அவன் பக்கம் தள்ளினேன், ஒன்றைக் கடித்துப் பார்த்தவன் எழும்பிப் போய்த் தன் பெட்டியிலிருந்து வாழையிலையில் சுற்றிய தொதல் என்ற இனிப்பை எடுத்து வந்தான். ஆகவே வீட்டிலிருந்து வரும்போது ஒரு பை கூடவே கொண்டு வாருங்கள்.

உண்மையில் நாங்கள் நண்பர்களானது குப்பியில்தான். தெரிந்தவர் தெரியாதவருக்குப் பரீட்சைக்கு முன் சொல்லிக்கொடுப்பதைத்தான் கம்பஸில் குப்பி என்பார்கள், குப்பி விளக்கிலிருந்து வந்த பெயர், மூன்று சமூகத்துக்கும் இதே சொல்தான். தமிழ்க் குப்பிக்கு மட்டும் போகாதீர்கள். உங்களுக்குக் கணிதம் நன்றாக வருமென்றால் எல்லாருக்கும் எடுங்கள், உடைந்த ஆங்கிலத்தில் எடுத்தாலும் பரவாயில்லை, பலகையில் எழுதும் சமன்பாடு எல்லாருக்கும் ஒன்றுதான்.

சேர்ந்து சாப்பிடப் போகும்போது முதலில் கேளுங்கள். முஸ்லிம் நண்பருக்கு ஹலால் கடை வேண்டும், எங்கள் ஆட்களில் பலர் வெள்ளிக்கிழமை மரக்கறி. மலைமேலிருக்கும் குறிஞ்சிக்குமரன் கோயிலுக்குப் பொங்கலன்று சிங்கள நண்பர்களைக் கூப்பிடுங்கள், வெசாக் பண்டிகைக்கு விளக்குக் கூடு கட்ட அவர்கள் கூப்பிட்டால் நீங்களும் போங்கள்.

அப்புறம் யுத்தம். முதல் மாதத்திலேயே அரசியல் வாதம் வேண்டாம், அதற்காகக் காலம் முழுக்க ஒளிக்கவும் வேண்டாம். எங்கள் வீடு இடம்பெயர்ந்த கதையை மூன்றாம் வருசத்தில்தான் என் அறைத் தோழனிடம் சொன்னேன். அவன் நெடுநேரம் பேசவில்லை, பிறகு இராணுவத்தில் காலை இழந்த தன் மாமாவைப் பற்றிச் சொன்னான். யார் சரி என்று அன்றைக்கு நாங்கள் கதைக்கவில்லை. வீட்டில் நடந்ததை வீட்டுக் கதையாகவே சொல்லுங்கள், அவர்கள் சொல்லும்போது இடையில் மறிக்காதீர்கள்.

பகிடிவதையை (ராகிங்) பழக்கம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். வீட்டுக்கும், நம்பிக்கையான விரிவுரையாளருக்கும் உடனே சொல்லுங்கள். ஒருவரை அழவைத்து உறவு வளர்க்க முடியாது.

முதல் நீண்ட விடுமுறைக்கு ஒருவரையாவது ஊருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அம்மாவிடம் இரண்டு நாளைக்கு முன்னமே சொல்லிவிடுங்கள், ஒடியல் கூழுக்கு மீனும் நண்டும் வாங்க வேண்டுமே.