டெல்டாவில் சொகுசு எஸ்யூவி: ஆஃப்ரோடு மாற்றங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஃப்ரோடு சாமான்கள் செய்கிறவர்கள் ஆஸ்திரேலியப் பாலைவனத்தையும் அமெரிக்கப் பாறைப் பள்ளத்தாக்கையும் மனதில் வைத்துத்தான் செய்கிறார்கள். இங்கே அதை வாங்கி மாட்டுகிறவர்கள் மனதில் லடாக் இருக்கும். தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் பாறை பார்க்க ஆசைப்பட்டால் கோயில் மதிலைத்தான் பார்க்க வேண்டும். இந்த மண்ணில் இருப்பது வண்டல், களி, ஆற்று மணல், கடலோர உப்பு மண், அப்புறம் எங்கு திரும்பினாலும் தண்ணீர். டிஃபெண்டரோ ஃபார்ச்சூனரோ வாங்கிய கையோடு பாறைக்கான இரும்பையெல்லாம் மாட்டிக்கொண்டு, ஐப்பசி மழையில் வயலோரம் அச்சு வரை புதைந்து நிற்பது இப்படித்தான் நடக்கிறது.

எடைதான் முதல் தவறு

டிஃபெண்டர் 110 காலியாகவே இரண்டு டன்னுக்கு மேல். லேண்ட் குரூசர் 300, ஜி-கிளாஸ் எல்லாம் இரண்டரை டன் பக்கம். இரும்பு பம்பரும் வின்ச்சும் (கயிறு சுற்றி வண்டியை இழுக்கும் மோட்டார்) சேர்ந்தாலே ஏறக்குறைய 100 கிலோ. மேலே ரேக், அதற்கு மேல் கூரைக் கூடாரம், பின்னால் டிராயர், ஃபிரிட்ஜ், இரண்டாவது பேட்டரி, 60 லிட்டர் தண்ணீர் என்று சேர்த்துக்கொண்டே போனால் முந்நூறு நானூறு கிலோவை எளிதாகத் தொட்டுவிடும். இன்னும் ஆட்களே ஏறவில்லை. எல்லாவற்றையும் ஏற்றி, டேங்க்கை நிரப்பி, ஊரில் இருக்கும் எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். நெல் லாரிகள் நிற்கிற அதே எடைமேடைதான். கம்பெனி சொல்லும் அதிகபட்ச மொத்த எடையை அது தாண்டியிருந்தால், அடுத்துச் செய்ய வேண்டியது சாமானை இறக்குவது.

கூரை எடையில் இன்னொரு குழப்பம் உண்டு. டிஃபெண்டர் 110க்கு நிற்கும்போது 300 கிலோ, ஓடும்போது 168 கிலோ என்று இரண்டு கணக்கு. முதலாவது கூடாரத்தில் ஆட்கள் படுத்திருக்கும்போது தாங்குவது. பலர் அதைப் பார்த்துவிட்டு ஜெர்ரி கேன், கூடுதல் டயர் என்று மேலே அடுக்குகிறார்கள். மேடுபள்ளத்தில் 168ஐ விடவும் குறைவாக வைப்பதே சரி.

டெல்டாவில் இது ஏன் முக்கியம் என்றால், நம் கிராமச் சாலைகள் வயலை விட உயரமாக, ஒரு வண்டி போகும் அகலத்தில், இருபுறமும் சரிவாக இருக்கும். எதிரே அறுவடை இயந்திரமோ வைக்கோல் ஏற்றிய டிராக்டரோ வந்தால் தாரை விட்டு ஓரத்தில் இறங்கித்தான் ஆக வேண்டும். நாலு நாள் மழையில் ஊறிய ஓரம் அது. தலைப்பாரம் உள்ள வண்டி அங்கே இடது சக்கரத்தை வைத்ததும் மண் மெதுவாக உள்வாங்கும், வண்டி வயல் பக்கம் சாயத் தொடங்கும். அப்போது எந்த டிஃப் லாக்கும் (இரு பக்கச் சக்கரத்தையும் சேர்த்துச் சுழற்றும் பூட்டு) உதவாது. அறுவடை நேரமென்றால் பேசாமல் பின்னால் எடுத்து, அகலமான இடத்தில் ஒதுங்கி வழிவிடுவதுதான் வழி. இன்னொன்று, வயலின் குறுக்கே தொய்ந்து போகும் மின்கம்பிகள். கூரைக்கு மேல் கூடாரமும் ஆண்டெனாவும் வைத்துவிட்டு மொத்த உயரம் எவ்வளவு என்று தெரியாமல் ஓட்டக் கூடாது. உயரத்தை அளந்து டேஷ்போர்டில் எழுதி ஒட்டிவையுங்கள்.

டயர்

பட்ஜெட்டில் பாதியை இதில் போட்டாலும் தப்பில்லை என்பேன். ஆனால் பெரும்பாலும் இருபது அங்குல அலாயை அப்படியே வைத்துக்கொண்டு அதில் மட் டெரெய்ன் (சேற்றுக்கான ஆழப் பள்ள டயர்) போடுகிறார்கள். டயர் அளவில் முதல் எண் அகலம், அடுத்தது பக்கச் சுவர் அதில் எத்தனை சதவீதம், ஆர் பக்கத்து எண் ரிம்மின் அங்குலம். 255/60 ஆர்20, 255/70 ஆர்18 இரண்டுக்கும் வெளி விட்டம் ஏறக்குறைய 814 மில்லிமீட்டர்தான். ஆனால் பக்கச் சுவர் முதலாவதில் 153, இரண்டாவதில் 178 மில்லிமீட்டர். அந்த 25 மில்லிமீட்டர் ரப்பர்தான் காற்றைக் குறைக்கும்போது விரிந்து மண்ணைப் பிடிக்கிறது, குழியில் ரிம்மைக் காப்பாற்றுகிறது. ஸ்பீடோமீட்டரும் மாறாது. ஃபார்ச்சூனரிலும் இதே கதை: 265/60 ஆர்18க்குப் பதில் 265/65 ஆர்17 போட்டால் விட்டம் அதேதான். பெரிய எஞ்சின் மாடல்களில் பிரேக் காலிப்பர் சிறிய ரிம்முக்குள் அடங்காது, அதனால் மாட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். ஸ்பேர் டயரும் அதே அளவில் முழு டயராக இருக்கட்டும். வழியில் திருத்துறைப்பூண்டியிலோ வேதாரண்யத்திலோ உங்கள் அளவு கிடைக்கும் என்று நம்பிப் புறப்படுவது வீண்.

ஆல் டெரெய்னா (தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான டயர்), மட் டெரெய்னா? களி இரண்டு சுற்றில் ஆல் டெரெய்ன் பள்ளங்களை அடைத்துவிடும், டயர் மொழுக்கென்று ஆகிவிடும், உண்மைதான். ஆனாலும் நீங்கள் ஓட்டுவதில் பெரும்பகுதி தார்ச்சாலை. மட் டெரெய்ன் அங்கே இரைச்சல், மழையில் பிரேக் பிடிக்க நீளமும் அதிகம். என் கட்சி ஆல் டெரெய்ன்தான். சேற்று வயலுக்கு டிராக்டரே கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிக்கொண்டுதான் இறங்குகிறது. அந்த நிலத்தில் இரண்டரை டன் வண்டிக்கு எந்த டயரும் பதில் கிடையாது.

காற்றைக் குறைக்கத் தெரியாமல் டயருக்கு லட்சம் செலவழிப்பது தனி வேடிக்கை. ஆற்று மணலில் 18 முதல் 20 பிஎஸ்ஐ போதும். 15க்குக் கீழே போனால், திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். தாருக்கு ஏறும் முன் திரும்ப அடித்துக்கொள்ள நல்ல கம்ப்ரசர் வேண்டும். காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் பிதுங்கி நிற்கும். வெட்டிப் போட்ட சீமைக்கருவேல முள் கரையோரம் எங்கும் கிடக்கும். பக்கச் சுவரில் முள் ஏறினால் சாதாரண பஞ்சர் ஒட்டு அங்கே நிற்காது.

உயரமும் தண்ணீரும்

ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளில் சென்சார் கம்பியின் நீளத்தை மாற்றி, வண்டி தாழ்வாக இருப்பதாகக் கம்ப்யூட்டரை நம்பவைத்து நிரந்தரமாகத் தூக்கி வைக்கும் மலிவான வித்தை ஒன்று ஓடுகிறது. அப்படிச் செய்தால் முன் அச்சின் சிவி ஜாயிண்ட் (சக்கரத்தைச் சுழற்றும் மூட்டு) நாள் முழுக்கக் கோணலாகச் சுழன்று அதன் ரப்பர் உறை கிழியும், சக்கரம் கீழே இறங்க இடமில்லாமல் அடிக்கும், ஹெட்லைட்டும் முன்கேமராவும் தவறான இடத்தைப் பார்க்கும். டிஃபெண்டர் ஆஃப்ரோடு உயரத்தில் 291 மில்லிமீட்டர் தரை இடைவெளி தருகிறது. டெல்டாவுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

ஸ்நோர்க்கல் மாட்டினால் ஆழமான தண்ணீரில் போகலாம் என்பதும் அரைகுறைக் கணக்கு. ஸ்நோர்க்கல் உயர்த்துவது எஞ்சின் காற்றை இழுக்கும் வாயை மட்டும். கதவு ரப்பர், டிஃபரன்ஷியல், கியர்பாக்ஸ் பிரீதர்கள் (காற்றுத் துளைகள்), இருக்கைக்கு அடியில் ஓடும் வயரிங் எல்லாம் இருந்த இடத்தில்தான் இருக்கும். டிஃபெண்டருக்கு 900, ஃபார்ச்சூனருக்கு 700 மில்லிமீட்டர் என்று கம்பெனி சொன்ன ஆழமே எல்லை. அதுவும் ஓடாத தண்ணீருக்கு. வாய்க்காலில் இன்னொரு ஏமாற்று உண்டு: ஆகாயத்தாமரை கரை வரை பச்சையாக மூடியிருக்கும், தரை எங்கே முடிகிறது என்றே தெரியாது. உள்ளே விட்டால் கொடி ரேடியேட்டர் முன்னால் திணிந்து எஞ்சின் கொதிக்கும். தண்ணீர் உள்ளே போய் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. கனெக்டிங் ராட் வளைவதோடு, காப்பீட்டுக்காரர் கைவிரிக்கவும் அதுவே காரணமாகும்.

இழுத்து வெளியே எடுப்பது

பம்பருக்கு அடியில் திருகி மாட்டும் கொக்கியை மீட்புக் கொக்கி என்று நினைத்துக்கொள்கிறவர்கள் நிறைய. அது சமதளத்தில் பழுதான வண்டியை உருட்டிக்கொண்டு போக வைத்தது. சேற்றில் புதைந்த வண்டியை அதில் கட்டி வெடுக்கென்று இழுத்தால் கொக்கி பிய்ந்து குண்டு மாதிரி பறக்கும். டோ பாலில் (டிரெய்லர் மாட்டும் உருண்டை) கட்டுவது அதைவிட மோசம். எந்த மாற்றத்துக்கும் முன்னால், வண்டியின் அடிச்சட்டத்தில் போல்ட் செய்த, எடை குறித்த மீட்புப் புள்ளி முன்னும் பின்னும் வேண்டும்.

இங்கே காப்பாற்ற வருவது இன்னொரு எஸ்யூவி அல்ல, பக்கத்து வயல் டிராக்டர். அவர் கையில் இருப்பது இரும்புச் சங்கிலி. நல்ல மனதோடு வந்து, கிளட்ச்சை விட்டு ஒரே வெட்டாக இழுப்பார். “அண்ணே, சங்கிலி வேணாம், இந்தக் கயிறக் கட்டுங்க, மெதுவா இழுங்க” என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இழுவிசையில் நீளும் கைனடிக் கயிறு ஒன்று வண்டியில் இருக்கட்டும். இழுக்கும் முன் மண்வெட்டியால் சக்கரத்தின் முன்பக்கச் சேற்றையும் வயிற்றுக்கு அடியில் உள்ளதையும் வெட்டி விடுங்கள். களி வண்டியை உறிஞ்சிப் பிடித்திருக்கும், அந்தப் பிடி விட்டால் பாதி வேலை முடிந்தது. கயிறு இறுகும்போது சுற்றி வேடிக்கை பார்க்கிறவர்கள் தள்ளி நிற்க வேண்டும். ஊரே கூடிவிடும் என்பதால் இதுதான் கஷ்டமான பகுதி.

வின்ச் வாங்கினால் வண்டியின் மொத்த எடையைப் போல் ஒன்றரை மடங்கு இழுக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. ஆனால் எதில் கட்டுவீர்கள்? வயல்வெளியில் கண்ணுக்கெட்டிய தூரம் வரப்புதான். தென்னையில் கட்டத் தோன்றும். 2018 கஜா புயலில் எத்தனை லட்சம் தென்னை வேரோடு சாய்ந்தது என்று பார்த்த ஊர் இது. முற்றிய பனை கிடைத்தால் அகலமான பட்டையை அடிமரத்தில் சுற்றிக் கட்டலாம், அதுவும் உடையவரிடம் கேட்டு. இல்லையென்றால் ஸ்பேர் டயரைக் குழி வெட்டிப் புதைத்து அதில் கட்டும் பழைய வழிதான். வயலோரங்களில் வின்ச்சை விட சக்கரத்துக்கு அடியில் கொடுக்கும் இரண்டு மீட்புப் பலகையும் ஒரு மண்வெட்டியும் அதிக உபயோகம்.

வைக்கோல்

வெளிநாட்டுப் பட்டியல்களில் இது இருக்காது. அறுவடைக் காலத்தில் சாலையில் வைக்கோலும் உளுந்துச் செடியும் காயப் போட்டிருப்பார்கள். அடியில் முழுதாக மூடிய இரும்புத் தட்டு மாட்டிய வண்டி அதன் மேல் ஏறும்போது, வைக்கோல் தட்டுக்கும் புகைக்குழாய்க்கும் இடையில் திணிந்துகொள்ளும். பிஎஸ்6 டீசல் வண்டியில் டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி) தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் நேரத்தில் அந்தப் பகுதி 600 டிகிரி வரை சூடாகும். மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. சுத்தம் செய்யத் திறப்பு உள்ள தட்டாக வாங்குங்கள், வைக்கோல் மேல் போன பிறகு ஓரம் கட்டிக் குனிந்து பாருங்கள், ஒரு தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

வயரிங், சட்டம்

விளக்குக்கும் ஃபிரிட்ஜுக்கும் கிடைத்த வயரைச் சீவி இணைப்பு எடுக்கும் எலெக்ட்ரீஷியனிடம் இந்த வண்டிகளைக் கொடுக்காதீர்கள். தனி ஃபியூஸ், ரிலே, பேட்டரியிலிருந்து நேராக லைன் என்று போனால் டேஷ்போர்டு எச்சரிக்கை விளக்குகள் அமைதியாக இருக்கும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு ஆர்சியில் உள்ள கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். புல் பார் (முன்பக்க இரும்புக் கம்பித் தடுப்பு) கூடாது என்று மத்திய அரசு 2017லேயே சுற்றறிக்கை விட்டுவிட்டது, தவிர அது ஏர்பேக்கையும் ரேடாரையும் குழப்பும். கம்பெனியே தரும் துணைச்சாமான்களோடு நிறுத்திக்கொண்டால் வாரண்டியும் காப்பீடும் வம்பில்லாமல் இருக்கும்.

எங்கே இறங்குவது

கொள்ளிடத்து மணலில் கூடாரம் போட ஆசை வரும். மேட்டூர் நிரம்பினால் உபரி நீர் முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திரும்பும். குடகில் பெய்த மழைக்கு, இங்கே வெயிலடிக்கும் நாளில் ஆறு ஏறும். ஜூன் 12ஐ ஒட்டி மேட்டூர் திறந்தால், நேற்று காய்ந்து கிடந்த வாய்க்காலும் வழியாக இருக்காது. மணல் அள்ளிய குழிகள் வேறு தண்ணீருக்கடியில் மறைந்திருக்கும். படுகையில் தங்காதீர்கள், மேட்டில் தங்குங்கள். கோடியக்கரை வனவிலங்குச் சரணாலயம், முத்துப்பேட்டை அலையாத்திக் காடு இரண்டும் வனத்துறை இடம், அனுமதி இல்லாமல் சக்கரம் வைக்கக் கூடாது. ஜனவரி முதல் நாகைக் கடற்கரையில் ஆமைகள் முட்டையிட வரும், மணலில் ஓட்டுவதை அப்போது மறந்துவிடுங்கள்.

வேதாரண்யம் உப்பளம் பக்கம் போய் வந்தால் அன்றே நல்ல தண்ணீரில் அடிப்பகுதியைக் கழுவுங்கள், இரும்புச் சாமான்களின் போல்ட்டுகள்தான் முதலில் துருப்பிடிக்கும். ரிம்முக்குள் காய்ந்த களி ஒருபக்கமாக ஒட்டியிருந்தால் எண்பதில் ஸ்டியரிங் உதறும், அலைன்மென்ட் கடைக்கு ஓடும் முன் அதைச் சுரண்டிப் பாருங்கள். ஆழத் தண்ணீர் கடந்திருந்தால் டிஃபரன்ஷியல் ஆயிலைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்காமல் மாற்றிவிட வேண்டும்.