பல்கலைக்கழகக் குழு வரும் ஒரு நாளை வீணாக்காதீர்கள்

பல்கலைக்கழகங்களில் இயங்கும் தொழில் மதிப்பீட்டு மையங்கள் (Industrial Assessment Centers), அமெரிக்காவில் 1976-இல் தொடங்கிய நல்ல ஏற்பாடு. பேராசிரியர் ஒருவரும் பொறியியல் மாணவர்களும் சிறு, நடுத்தர ஆலைகளுக்கு வந்து, எரிசக்தி எங்கே வீணாகிறது என்று பார்த்துச் சொல்வார்கள். செலவு அரசுடையது. ஆனால் அவர்கள் ஆலைக்குள் இருப்பது பெரும்பாலும் ஒரே நாள்தான். அதனால் தவறுகள் அதிகமும் அந்த நாளுக்கு முன்னும் பின்னுமே நடக்கின்றன.

முதலில் பில். "மாதம் இவ்வளவு டாலர் கட்டினோம்" என்று மொத்தத் தொகையை மட்டும் அனுப்பிவிடுகிறார்கள். 12 மாத மின்சார பில்லும் எரிவாயு பில்லும் எல்லாப் பக்கங்களோடும் வேண்டும். ஏன் என்றால், மாதம் 1,00,000 யூனிட்டுக்கு 12,000 டாலர் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். சராசரி, யூனிட்டுக்கு 12 சென்ட். ஆனால் அதில் 4,000 டாலர் டிமாண்ட் கட்டணம், அதாவது அந்த மாதத்தின் உச்ச சுமைக்கான தொகை. இரவில் விளக்கை அணைத்து 5,000 யூனிட் மிச்சம் பிடித்தால் உச்ச சுமை குறையாது. மிச்சம் 400 டாலர்தான், 600 இல்லை. சராசரியை நம்பிக் கணக்குப் போட்டால் போட்ட முதல் திரும்பிவரும் காலமே தப்பாகிவிடும்.

அடுத்து, பராமரிப்புக்காக ஆலை நிற்கும் நாளில் குழுவை அழைப்பது. வழக்கமாக ஓடும் நாளில்தான் அழைக்க வேண்டும். அன்று உணவு இடைவேளையில், இயந்திரங்களுக்கு அழுத்தக் காற்றைத் தரும் கம்ப்ரசர் இருக்கும் அறைக்கும் கூட்டிப்போங்கள். காற்றைப் பயன்படுத்தும் இயந்திரம் ஒன்றுகூட ஓடாத நேரத்திலும் கம்ப்ரசர் பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம் முழுச் சுமையில் காற்றை அழுத்திக்கொண்டு ஓடினால், அதன் திறனில் 30 சதவீதம் கசிவுக்கே போகிறது என்று பொருள். அந்த அமைதியில் குழாய் இணைப்புகளில் 'உஸ்ஸ்' என்ற சத்தம் தெளிவாகக் கேட்கும். எந்த வால்வு எப்போது கெட்டது என்று ஆபரேட்டருக்குத் தெரியும். மேனேஜரே எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் அது வெளியே வராது. மாணவர்கள்தானே என்று அலட்சியமாக நினைப்பதும் தவறு. அவர்கள் அளவுக் கருவியோடு வருகிறார்கள், கூடவே பேராசிரியரும் இருக்கிறார்.

சரி, அறிக்கை வந்துவிட்டது. எல்லாப் பரிந்துரைகளின் மிச்சத்தையும் அப்படியே கூட்டிவிடக் கூடாது. கசிவை அடைத்தபின் கம்ப்ரசர் குறைவாகவே ஓடும். புதிய கம்ப்ரசர் தரும் மிச்சமும் அதற்கேற்பக் குறையும். அதனால் முதலில் கசிவை அடைப்பது, அப்புறம் காற்றழுத்தத்தைத் தேவையான அளவுக்குக் குறைப்பது, கடைசியில்தான் புது இயந்திரம். வரிசை மாறினால் தேவையை விடப் பெரிய கம்ப்ரசரை வாங்கி வைத்திருப்பீர்கள்.

ஒவ்வொரு பரிந்துரைக்கும் பொறுப்பாளர் ஒருவரின் பெயரையும் தேதியையும் எழுதிவையுங்கள். சில மாதங்கள் கழித்து, எதைச் செய்தீர்கள் என்று மையத்தில் இருந்து கேட்பார்கள். செய்யாததையும் உண்மையாகச் சொல்லுங்கள், காரணத்தோடு. அந்தப் பதில் ஆலையின் பெயர் இல்லாமல் பொதுத் தரவுத்தளத்தில் சேர்கிறது. உங்களைப் போன்ற இன்னொரு ஆலைக்காரர் அதைப் பார்த்துத்தான் தன் முடிவை எடுப்பார்.