தடுப்பூசியோடு நின்றுவிடும் செல்லப்பிராணிப் பராமரிப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாய், பூனை வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் தடுப்பூசியின் தேவையை அறிந்தே இருக்கிறார்கள். ஆனால் ஊசி போட்டதோடு நோய்த்தடுப்பு முடிந்துவிட்டது என்று எண்ணுவதில்தான் மற்றத் தவறுகள் பலவும் தொடங்குகின்றன.

முதல் ஊசி போட்டதுமே நாய்க்குட்டியைப் பிற நாய்கள் நடமாடும் இடத்தில் இறக்கிவிடுவது அவற்றுள் மிகவும் ஆபத்தானது. தாயின் சீம்பாலிலிருந்து குட்டிக்குக் கிடைத்த எதிர்ப்புப் பொருள்கள் சில வாரங்கள் அதைக் காக்கின்றன. அதே எதிர்ப்புப் பொருள்கள் தடுப்பூசியின் வேலையையும் தடுத்துவிடுகின்றன. அவை எப்போது குறையும் என்பது ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளிடையேகூட மாறுபடும் என்பதால்தான், 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில், குறைந்தது 16 வாரம் ஆகும்வரை ஊசி திரும்பத் திரும்பப் போடப்படுகிறது. கடைசித் தவணையை விட்டுவிட்டால் முந்தையவை பலனற்றுப் போகக்கூடும். குட்டிகளுக்குக் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். இதற்காகக் குட்டியை வீட்டுக்குள்ளேயே அடைத்து வைக்கவும் வேண்டாம். கையில் தூக்கிச் சென்று உலகத்தைக் காட்டலாம், காட்டவும் வேண்டும்.

"பரிசோதனை வேண்டாம், ஊசி மட்டும் போட்டு அனுப்புங்கள்" என்று கேட்பது இன்னொரு தவறு. என் கருத்தில், ஊசியைவிட அதற்கு முந்தைய சில நிமிடங்களே மதிப்புமிக்கவை. மருத்துவர் உதட்டைத் தூக்கி ஈறுகளின் நிறத்தையும் பற்காறையையும் பார்க்கிறார், தாடைக்கடியில் நெறி கட்டியிருக்கிறதா என்று விரலால் தடவுகிறார், வயிற்றை அழுத்திச் சிறுநீரகத்தின் அளவை உணர்கிறார். காய்ச்சலோ நோயோ இருந்தால் ஊசியைத் தள்ளிப்போடுவதும் அப்போதுதான் முடிவாகும். எடை பார்க்கும் உதவியாளரின் பணியையும் சடங்காகக் கருதக் கூடாது. 4 கிலோ பூனை 400 கிராம் இளைத்தால் அது உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. அடர்ந்த ரோமம் அதை நம் கண்ணுக்கு மறைத்துவிடும், சென்ற முறை குறித்து வைத்த எடை மறைக்காது. பூனை தன் நோயை வெளிக்காட்டாத பிராணி என்பதால் இந்தப் பதிவு இன்னும் முக்கியமாகிறது.

மருந்தைத் தாமாகவே கொடுப்பவர்களைக் கண்டிப்புடன் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. நாயின் உண்ணிக்கென விற்கப்படும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லி பூனைக்கு நஞ்சு. நடுக்கமும் வலிப்பும் வந்து உயிர் போகக்கூடும். நமக்குச் சாதாரணமான பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லப் போதுமானது.

குடற்புழு நீக்க மருந்தையும் கண்ணளவாகக் கொடுக்கக் கூடாது, எடைக்கேற்பவே கொடுக்க வேண்டும். மலத்தில் புழு தென்படாததால் புழு இல்லை என்றும் பொருளாகாது. உருளைப்புழு தாயின் கருப்பையிலேயே நாய்க்குட்டிக்குத் தொற்றிவிடக்கூடும், அதன் முட்டைகள் வீட்டுக் குழந்தைகளையும் பாதிக்கக்கூடியவை.

மருத்துவரிடம் உண்மையை மறைப்பதும் தவறுதான். என்ன தின்றது, எந்த மாத்திரையை எப்போது கொடுத்தோம் என்பதைத் திட்டுக்கு அஞ்சிச் சொல்லாமல் விட்டால், அவர் இருட்டில் மருத்துவம் பார்க்க நேரிடும்.

ஊசி போட்ட கையோடு புறப்படாமல், அரை மணி நேரமாவது மருத்துவமனையிலோ அருகிலோ இருங்கள். முக வீக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, மூச்சுத்திணறல், தளர்ந்து விழுதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே உள்ளே தூக்கிச் செல்லுங்கள். அப்படி நேர்ந்தால், எந்த ஊசிக்குப் பின் அது வந்தது என்பதைத் தடுப்பூசி அட்டையில் எழுதச் சொல்லி, அடுத்த முறை யார் ஊசி போட்டாலும் முதலில் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.