ஆசிரியரின் எண்ணம் வகுப்பில் எங்கே தெரிகிறது, அதை எப்படி மாற்றுவது?

"இவனுக்கு இது வராது" என்று எந்த ஆசிரியரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் யாரிடம் கேள்வி கேட்கிறார், பதிலுக்கு எவ்வளவு நேரம் பொறுக்கிறார், பதில் தவறானால் அடுத்து என்ன செய்கிறார் என்பவற்றில் அந்த எண்ணம் தெரிந்துவிடும். மாணவர்கள் அதைச் சீக்கிரமே புரிந்துகொள்கிறார்கள்.

அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ரோசந்தாலும் பள்ளித் தலைமையாசிரியர் லெனோர் ஜேக்கப்சனும் 1968இல் வெளியிட்ட ஆய்வில், குலுக்கல் முறையில் எடுத்த சில குழந்தைகளை "இந்த ஆண்டு நன்றாக வளர்வார்கள்" என்று ஆசிரியர்களிடம் சொல்லிவைத்தார்கள். முதலிரண்டு வகுப்புகளில் அந்தக் குழந்தைகளின் நுண்ணறிவுத் தேர்வு மதிப்பெண் மற்றவர்களைவிடக் கூடுதலாக உயர்ந்தது. அந்த ஆய்வு கடுமையான விமர்சனத்துக்கும் உள்ளானது. ஆசிரியர் எதிர்பார்ப்பின் விளைவு பொதுவாகச் சிறியதே என்றும், சமூகத்தில் ஒதுக்கப்பட்ட பிரிவு மாணவர்களிடம் அது பெரிதாக இருக்கக்கூடும் என்றும் பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. பலதரப்பட்ட மாணவர்கள் உள்ள வகுப்பில் இதைக் கவனித்தே ஆக வேண்டும்.

முதல் வேலை, எண்ணத்தைக் காகிதத்தில் எழுதுவது. நன்றாகச் செய்வார்கள் என நினைக்கும் இருவர், நடுத்தரமாக இருவர், திணறுவார்கள் என நினைக்கும் இருவர் என ஆறு பேரை எடுங்கள். "மந்தம்", "கெட்டிக்காரி" என்று எழுதாதீர்கள். "பின்னக் கணக்கில் 'ஏன்' என்று கேட்டால் பதில் சொல்லமாட்டாள்" என்பதுபோல, சரியா தவறா என்று பார்த்துவிடக்கூடிய கணிப்பாக எழுதுங்கள்.

அடுத்து, எண்ணுங்கள். இருக்கை வரைபடம் ஒன்றைச் சக ஆசிரியரிடம் கொடுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் பாடத்தை ஒலிப்பதிவு செய்து நீங்களே குறியுங்கள். மனப்பாடக் கேள்விக்கு ஒரு கோடு, 'ஏன்', 'எப்படி' என்ற கேள்விக்கு ஒரு வட்டம். காத்திருந்த நொடிகளையும் எழுதுங்கள். பதில் தவறானபோது குறிப்பு கொடுத்தீர்களா, வேறொருவரிடம் தாவினீர்களா என்பதையும் குறியுங்கள். ஒரு பாடவேளை போதாது, பாடத்தின் தன்மை கணக்கைக் குலைத்துவிடும், குறைந்தது மூன்று பாடவேளை வேண்டும். "நான் எல்லாரையும் ஒரே மாதிரிதான் நடத்துகிறேன்" என்ற நம்பிக்கையே மாற்றக் கடினமானது, ஏனென்றால் அது எண்ணிப்பார்க்கவே விடாது.

கணக்கில் பெரும்பாலும் முதலில் அகப்படுவது காத்திருப்பு. ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் காட்டினார். அது மூன்று நொடியானதும் பதில்கள் நீண்டன, பதிலே வராத சந்தர்ப்பங்கள் குறைந்தன, வழக்கமாகப் பேசாத மாணவர்களும் பேசினார்கள். காத்திருக்க வேண்டிய இடங்கள் இரண்டு: கேள்வி கேட்ட பிறகு, மாணவர் பேசி நிறுத்திய பிறகு. இரண்டாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். இடையில் கேள்வியை வேறு சொற்களில் மறுபடி கேட்டால், பாதி யோசனையில் இருப்பவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். மனப்பாடக் கேள்விக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை.

யாரைக் கேட்பது என்பதைக் குலுக்கலுக்கு விடுங்கள். பெயர் எழுதிய குச்சிகளில் ஒன்றை, கேள்வியைச் சொல்லிக் காத்திருந்த பிறகே எடுங்கள். எடுத்த குச்சியைத் திரும்பப் போடுங்கள். இல்லையென்றால் பெயர் வந்துபோனவர் அதன்பின் கவனிக்கமாட்டார். முன்னறிவிப்பின்றிக் கேட்டால் கூச்சமுள்ளவரும், வகுப்பு மொழி வீட்டுமொழியாக இல்லாதவரும் உறைந்துபோவார்கள். அதற்கு முன் முப்பது நொடி எழுதவும், ஒரு நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு வீட்டுமொழியிலேயே பேசவும் விடுங்கள். தலைகுனிந்த மௌனத்தை அறியாமை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சில குடும்பங்களில் அது பெரியவருக்குக் காட்டும் மரியாதை.

பதில் தவறானால் இரண்டு குறிப்புகளாவது கொடுத்த பிறகே அடுத்தவரிடம் போங்கள், சற்று நேரத்தில் முதல் மாணவரிடமே திரும்பி வாருங்கள்.

நல்லெண்ணத்தில் நடக்கும் தவறுதான் அதிகச் சேதம் செய்கிறது. திணறும் மாணவருக்குச் சுலபமான கேள்வி கொடுத்து, "அருமை!" என்று பாராட்டுகிறோம். உன்னிடம் எதிர்பார்ப்பது இவ்வளவுதான் என்றே அவர் காதில் விழுகிறது. எல்லாருக்கும் கொடுத்த அதே கடினக் கேள்வியைக் கொடுத்து, உதவியை மட்டும் கூட்டுங்கள்: முதல் வரி போட்டுக் காட்டிய கணக்கு, சொற்பட்டியல், படம். அவர் தேறத் தேற அந்த உதவியை ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள். பாராட்டும்போது செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்: "இரண்டாம் வரியில் அலகை மாற்றியது சரி."

விடைத்தாள் திருத்தும்போதும் எண்ணம் குறுக்கிடாமலிருக்க, பெயரை மடித்து மறைத்து, எல்லாருடைய முதல் கேள்வியையும் திருத்திய பிறகு இரண்டாம் கேள்விக்குப் போங்கள்.

எண்ணம் மாறிய பிறகுதான் இதையெல்லாம் செய்ய முடியும் என்று காத்திருக்காதீர்கள். புதிய முறையைச் செய்து, மாணவர் முன்னேறுவதைக் கண்ணால் கண்ட பிறகே ஆசிரியரின் நம்பிக்கை மாறுகிறது என்று 1986இல் கல்வி ஆய்வாளர் தாமஸ் கஸ்கி வாதிட்டார். நான்கு வாரம் கழித்துப் பழைய கணிப்புகளை எடுத்துப் பாருங்கள். கணிப்புக்கு மாறாக ஒருவர் நன்றாகச் செய்திருந்தால், "யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள்" என்று மனம் சாக்குத் தேடும். மறுநாளே அதே வகைக் கேள்வி இன்னொன்றைக் கொடுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சுற்றுக்கு ஆறு பேரைத் தேர்ந்தெடுக்க, வருகைப்பதிவேட்டைப் பார்க்காமல் வகுப்பின் பெயர்களை எழுதுங்கள். விட்டுப்போனவர்களையும் கடைசியில் நினைவுக்கு வந்தவர்களையும் எடுத்துக்கொள்ளுங்கள்.